ஏஜெண்ட் வின்ஷிப் மூடாத தீ

ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்றாறாம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஒன்பதாம் தேதி, பிற்பகல் மூன்றரை மணிக்கு, ஆமையோடைக்கு வடக்கே மூன்று சிக்கமோர் மரத்தடியில் பொழுது நின்றுவிட்டது. சுற்றுவட்டாரத்தில் மற்ற எல்லா இடத்திலும் அன்று முறைப்படி சாயங்காலம் ஆகி, இருட்டி, மறுநாள் விடிந்தது. அந்த நாற்பது ஏக்கரில் மட்டும் ஆகவில்லை. வாபாஷ் ஆறு அதற்குப் பிறகு பதினோரு தடவை உறைந்து பதினோரு தடவை உடைந்தது. மரத்தடியில் அதே வெயில், அதே சிள்வண்டுச் சத்தம். ஜனவரி மாதத்தில் இடுப்பளவு பனியில் நடந்து வருகிறவர்கள் எல்லைக்குள் ஒரு காலை வைத்ததும் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொள்வார்கள். மியாமி என்கிற செவ்விந்திய இனத்தாரின் கிராமத்துப் பெண்கள் வருஷம் முழுக்க அங்கே மான்கறியும் பூசணிக் கீற்றும் காயப்போட்டார்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம் என்பதால் உள்ளே இருக்கிற யாருக்கும் பசிக்காது. மாடுகளை மட்டும் விடமாட்டார்கள். பால் கறக்கிற நேரம் அங்கே வராது என்பதை இரண்டு குடும்பங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டன.

இதற்குக் காரணம் என்ன என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும். வாபாஷ் கரையில் ஒரு சபை கூடினால், கூட்டியவர் தன் கையால் தீ மூட்ட வேண்டும். பேச்சு முடிந்ததும் அவரே தன் கையால் சாம்பலை அள்ளிப் போட்டு அதை மூட வேண்டும். மூடினால்தான் சபை முடிந்தது. விருந்தாளி அந்தத் தீயில் கைவைக்கக் கூடாது, "மூடுங்களேன்" என்று சொல்லவும் கூடாது. மயிர்த்தோல் வாங்க வருகிற பிரெஞ்சுக்காரர்களுக்குக்கூட இது தெரியும். அன்று சபையைக் கூட்டியவர் எலிஹு வின்ஷிப். கனெக்டிகட்டிலிருந்து வந்து, செவ்விந்தியர் விவகார ஏஜெண்டாகப் பதவி ஏற்று எட்டு மாதமே ஆகியிருந்தது, வயது முப்பத்துநான்கு. ஒப்பந்தம் எழுதுவதற்கென்று தலைநகரத்திலிருந்து கர்னல் த்ராஷர் வந்திருந்தார். ஆற்றில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது, படகு தரைதட்டிவிடும் என்று கர்னல் குதித்தார். கையெழுத்துப் போட்ட மை காய்வதற்குள் தொப்பியை எடுத்துக்கொண்டு வின்ஷிப்பும் அவர் பின்னாலேயே ஓடினார். ஒரு கை சாம்பல் போடவில்லை. ஜனங்கள் அவர் திரும்பி வருவார் என்று உட்கார்ந்திருந்தார்கள். பாவம், வயிற்றைக் கலக்கியிருக்கும் என்றுகூடப் பேசிக்கொண்டார்கள். ரொம்ப நேரம் கழித்துத்தான், மர நிழல் ஒரு விரற்கடைகூட நகரவில்லை என்பதை ஒருவர் கவனித்துச் சொன்னார்.

பொழுது நின்றதோடு போயிருந்தால் பரவாயில்லை. அன்று மரத்தடியில் பேசப்பட்ட பேச்சுக்கும் வீடு திரும்ப ஒரு சாயங்காலம் கிடைக்கவில்லை. அது அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே போய்ச் சற்று நேரம் உட்கார்ந்தால் போதும், ஆள் இல்லாமலே குரல்கள் கேட்கும்: யாரோ இருமுவது, ஒரு குழந்தை சிணுங்குவது, பிறகு வின்ஷிப்பின் கனத்த குரல். "ஆமையோடைக்குத் தெற்கே எங்க ஜனம் இருக்கும். ஓடையைத் தாண்டி ஒருத்தர்கூட வடக்கே வரமாட்டாங்க. நான் ஏஜெண்டா இருக்கற வரைக்கும் இதுக்கு நான் பொறுப்பு." அதையே மொழிபெயர்ப்பாளன் பாப்டிஸ்ட் மியாமி மொழியில் திருப்பிச் சொல்வதும் கேட்கும். இந்தப் பேச்சைக் கேட்கத்தான் ஜனங்கள் போவார்கள். ஏனென்றால் ஒப்பந்தக் காகிதத்தில் இருந்தது வேறு. காகிதத்தில் எல்லை ஆமையோடை அல்ல; அதற்கு ஒன்பது மைல் வடக்கே ஓடுகிற உப்போடை. இரண்டு ஓடைகளுக்கும் நடுவில்தான் நூற்று நாற்பது பேர் கொண்ட அந்தக் கிராமமும், அதன் சோளக் கொல்லைகளும், செத்தவர்களைப் புதைத்த மேடும் இருந்தன.

மரத்தடியில் இன்னொரு பேச்சும் சுற்றிக்கொண்டிருந்தது. அது தணிந்த குரல், வெறும் ஆங்கிலம். "தாள்ல உப்போடைன்னே எழுதிக்குங்க கர்னல். இவங்ககிட்ட இப்ப சொல்ல வேண்டாம். நான் கையெழுத்து போட்டுடறேன்." அதுவும் வின்ஷிப்பின் குரல்தான்.

கெட்ட மனுஷன் இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். முப்பத்துநான்கு வயதில், புது வேலையில், ஒரு கர்னல் முகத்தைக் கடுகடு என்று வைத்துக்கொண்டு நின்றால் எத்தனை பேர் முதுகை நிமிர்த்தி நிற்பார்கள்? அவ்வளவு தூரம் வடக்கே நிலம் கேட்டு யார் வரப்போகிறார்கள், பிறகு ஒரு கடிதம் எழுதிச் சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்தார். நினைத்ததோடு சரி. மூன்று வாரம் கழித்து, தீயை மூடாமல் வந்தது உறுத்தவே, ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தனியாகப் போனார். எல்லைக்குள் கால் வைத்ததும் அந்தத் தணிந்த குரல் அவர் காதில் விழுந்தது. தன் குரல் அவ்வளவு கேவலமாக இருக்கும் என்று அவருக்கு அதுவரை தெரியாது. மண்வெட்டியை அங்கேயே போட்டுவிட்டுத் திரும்பியவர், பிறகு பதினோரு வருஷம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

ஆனால் வேலையை நன்றாகச் செய்தார். வேறு எந்த ஏஜெண்டும் அவ்வளவு செய்ததில்லை. அம்மை பரவியபோது ஊசி போடும் மருத்துவரைக் கையோடு அழைத்து வந்தார். கொல்லுப்பட்டறை வைத்துக் கொடுத்தார். ஒரு தடவை குடித்துவிட்டு வந்த நாட்டுப்படைக்காரர்கள் இருபது பேருக்கு எதிரே, பைபிளைத் தவிர வேறெதுவும் இல்லாமல் வழிமறித்து நின்று திருப்பி அனுப்பினார். ஆமையோடையைத் தாண்டிக் குடியேற வந்தவர்களை ஒருவர் விடாமல் விரட்டினார். ஆயிரத்து எண்ணூற்று ஆறில் பிடிவாதமாக உட்கார்ந்த ஆறு குடும்பங்களைச் சிப்பாய்களைக் கொண்டு வெளியேற்றி, குடிசைகளையும் கொளுத்தினார். வாக்குக் கொடுத்தேன், காப்பாற்றுகிறேன் என்றார். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. அந்த ஓடைக்கு வடக்கே ஆங்கிலம் தெரிந்த ஒரு காதும் போய்விடக் கூடாது என்பதும் அவர் கவலை. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. மனைவி மெஹிட்டபலிடம்கூட.

வீடு இழந்த குடும்பங்கள் சும்மா இருக்குமா? முந்நூறு கையெழுத்தோடு வாஷிங்டனுக்கு மனு போனது. ஏஜெண்ட் வெள்ளைக்காரர்களுக்கு விரோதி, ஒப்பந்தத்தில் நமக்குக் கொடுத்த நிலத்திலிருந்தே நம்மை அடித்து விரட்டுகிறார் என்று. போர்த்துறை அலுவலகத்திலிருந்து பதில் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. வின்ஷிப் உட்கார்ந்து தன் நடத்தையை நியாயப்படுத்தி எழுத ஆரம்பித்தார். மார்ச்சில் தொடங்கியது செப்டம்பர் வரை முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் அம்மை ஊசி, கொல்லுப்பட்டறை, நாட்டுப்படை என்று கம்பீரமாகப் பதினான்கு பக்கம் போகும். "அன்றைய சபையில் நான் சொன்னது யாதெனில்" என்ற இடத்தில் வந்து நிற்கும். பேனா அதற்கு மேல் ஓர் எழுத்து நகராது. மையில் குறை இல்லை, இறகிலும் குறை இல்லை. மெஹிட்டபல் வாங்கி எழுதிப் பார்த்தாள். அவள் கைக்கு ஓடியது. அவர் கைக்கு வந்ததும் நின்றது. இப்படி முப்பத்தேழு விளக்கங்கள், எல்லாம் ஒரே இடத்தில் நொண்டி, அலமாரியில் கிடந்தன.

மெஹிட்டபலுக்கு நாக்கு கொஞ்சம் நீளம். மனசு அதைவிடப் பெரிசு. குழந்தைகள் இரண்டையும் அந்த மண்ணில் பறிகொடுத்துவிட்டு, அதற்காக ஊரைக் குறைசொல்லாதவள்.

"பதினாலு பக்கத்துல 'நான், நான்'னு நூறு தடவை வருது. சபையில என்ன சொன்னீங்கன்னு ஒரு வரி வரலியே?" என்றாள், கடைசி விளக்கத்தைப் படித்துவிட்டு.

"வருது, வருது. வார்த்தை சரியா அமையணும் இல்ல?"

"ஆறு மாசமாவா அமையும்? சொன்னதைச் சொன்னபடி எழுத வார்த்தை எதுக்குங்க அமையணும்?"

வின்ஷிப் ஜன்னலைத் திறக்கப் போகிறவர் மாதிரி எழுந்து போய்விட்டார். அந்த ஜன்னல் ஏற்கெனவே திறந்துதான் இருந்தது.

அக்டோபர் முதல் வாரம் மேஜர் லாக்வுட் என்பவர் போர்த்துறையின் கடிதத்தோடு, ஏஜெண்ட் வீடு இருந்த ஷெல்பார்க் கோட்டைக்கு வந்து சேர்ந்தார். ஒல்லியான மனிதர், எதையும் இரண்டு தடவை எழுதி வைத்துக்கொள்கிறவர், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். கடிதத்தில் விஷயம் சுருக்கமாக இருந்தது. தாங்கள் மூட வேண்டிய தீ ஒன்று பதினோரு வருஷமாக மூடப்படாமல் இருப்பதாக அறிகிறோம். மேஜர் முன்னிலையில் அதை மூடிச் சபையை முடித்துவைத்தால் மனு தள்ளுபடி செய்யப்படும், விளக்கம் எதுவும் தேவையில்லை, பதவியில் நீடிக்கலாம். மறுத்தால் பதவி நீக்கம், ஏஜெண்ட் வீட்டை ஒரு மாதத்தில் காலி செய்ய வேண்டும்.

மேஜர் இதில் ஒளிவுமறைவு வைக்கவில்லை. மேஜைமேல் வரைபடத்தை விரித்து, உப்போடையின் மேல் விரலை வைத்தார். தீயை மூடினால் அன்றைய சாயங்காலம் வந்துவிடும். சாயங்காலம் வந்தால் மரத்தடியில் சுற்றுகிற பேச்செல்லாம் மற்ற பேச்சுகளைப் போலக் காற்றோடு போய்விடும். மிஞ்சுவது காகிதம். வசந்த காலத்தில் நில அளவைக்காரர்கள் வருவார்கள். கிராமம் உப்போடைக்கு அப்பால் போய்விட வேண்டும்.

"அங்க என்ன இருக்கு, சதுப்பு நிலம்தானே?" என்றார் வின்ஷிப்.

"சதுப்பு நிலம்தான்" என்றார் மேஜர், அதையும் எழுதிக்கொண்டு.

வின்ஷிப் அன்று சாப்பிடவில்லை. நாற்பத்தைந்து வயதில், கெட்டுப்போன வயிற்றோடு, வேறு தொழில் தெரியாமல், பெயரும் கெட்டு எங்கே போவது? தீயை மூடிவிட்டால் அந்தக் குரலும் ஒழியும். இனி எந்த ஜன்மத்துக்கும் அதை யாரும் கேட்க மாட்டார்கள். இந்த நினைப்பு வந்ததும் உடம்பே லேசானது என்பதை மறைப்பதில் பிரயோஜனம் இல்லை. அப்படி லேசானதற்காக அவர் தன்னையே வெறுத்தார். அதுவும் உண்மை. மறுநாள் காலை அடுப்புச் சாம்பலை ஒரு கூடையில் வாரிக் குதிரையில் கட்டினார். மெஹிட்டபல் தானும் வருவேன் என்றாள். "முப்பத்தேழு தடவை படிச்சிருக்கேன். மிச்சம் ஒரு வரி என்னன்னு கேக்க எனக்கு உரிமை இல்லையா?" என்றாள். அவர் இன்னொரு குதிரைக்குச் சேணம் போட்டார். மேஜரோடு மூன்று பேராகக் கிளம்பினார்கள்.

வழியெல்லாம் உறைபனி. குதிரைகள் மூச்சு விட்டால் புகைந்தது. மரத்தடி எல்லையில் கிராமத்து ஜனங்களோடு தலைவி காத்திருந்தாள். அவள் பெயரை நம் வாய்க்கு வருகிறபடி சொன்னால் முதல்பனி என்று சொல்ல வேண்டும். ஐம்பது வயதிருக்கும், கட்டுமஸ்தான பெண்மணி. அண்ணன் இறந்தபின் தலைமைக்கு வந்தவள். அன்றைய சபையில் பெண்கள் வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டவள். சபைமுறைப்படி வின்ஷிப்பை அண்ணே என்பாள். வருஷா வருஷம் அறுவடை முடிந்ததும் இரண்டு மூட்டை சோளம் ஏஜெண்ட் வீட்டுக்கு அனுப்பத் தவறியதில்லை. சாம்பல் கூடையைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. விருந்தாளி கேட்கக் கூடாதே.

வின்ஷிப் குதிரையை விட்டு இறங்கினார். மேஜர் தன் பேனாவையும் மைக்கூட்டையும் மூட்டைக்குள் தேடிக்கொண்டிருந்தார். உள்ளே போனால் எல்லோர் காதிலும் விழப்போகிறது. அதற்கு முன்னால் இவளிடமாவது தன் வாயால் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. பதினோரு வருஷத்தில் மியாமி மொழி அவருக்குச் சுமாராக வரும்.

"தங்கச்சி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கி நான் கர்னல் காதுல ஒரு விஷயம் சொன்னேன். இங்கிலீஷ்ல. உங்க யாருக்கும் புரியாது."

"எது, 'தாள்ல உப்போடைன்னே எழுதிக்குங்க'ன்னீங்களே, அதுவா?"

அதை அவள் ஆங்கிலத்திலேயே சொன்னாள். அவருடைய கனெக்டிகட் இழுப்போடு, மூக்கை ஒரு தடவை உறிஞ்சி, அச்சு அசலாக. பின்னால் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

வின்ஷிப் குதிரையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டார்.

"தெரியுமா உங்களுக்கு?"

"முதல் வாரமே பாப்டிஸ்ட் வந்து கேட்டு மொழிபெயர்த்துட்டான், அவன்தான் எங்க வீட்டு மாப்பிள்ளை ஆச்சே. பதினோரு வருஷமா காய்ஞ்ச கறியைத் திருப்பிப் போடறப்பல்லாம் அதைத்தான் கேட்டுட்டிருக்கோம். எங்க பிள்ளைங்க இங்கிலீஷ் கத்துக்கிட்டதே அதுலதான் அண்ணே. உங்களை மாதிரி மூக்கை உறிஞ்சிக்கிட்டுச் சொன்னா அதுதான் இங்கே பெரிய வேடிக்கை."

"அப்ப ஏன்... ஏன் ஒரு வார்த்தை கேக்கல? சோளம் வேற அனுப்பிட்டிருந்தியே!"

"கூட்டினவர் நீங்க. பேச வேண்டியவரும் நீங்க. நாங்க எப்படிக் கேக்கறது?" என்றாள் முதல்பனி. பிறகு கொஞ்சம் கள்ளத்தனமாகச் சிரித்தாள். "அதோட, வெக்கப்படறவர் சாம்பலைத் தூக்கிட்டு இந்தப் பக்கம் வரமாட்டார். மூடாத சபையில போட்ட கையெழுத்து முடிஞ்ச கையெழுத்தும் இல்ல. உங்க வெக்கத்துலதான் அண்ணே எங்க கொல்லையெல்லாம் விளைஞ்சிட்டிருந்தது. நாங்க ஏன் அதைக் கெடுக்கப்போறோம்?"

வின்ஷிப் அழுதுவிட்டார். மூடி மறைக்கத் தெரியாத அழுகை. மூக்கில் நீர் வடிய, தொப்பியைக் கசக்கிக்கொண்டு, பெண்களுக்கு எதிரில். பதினோரு வருஷம் ஒரு ஈ காக்கையை அண்டவிடாமல் காவல் காத்த ரகசியத்தைக் குழந்தைகள் விளையாட்டாகச் சொல்லித் திரிந்திருக்கிறார்கள். அதைத் தெரிந்துகொண்டே இவள் சோளம் அனுப்பியிருக்கிறாள். அவமானமா நிம்மதியா என்று அவருக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

முதல்பனி அவர் அழுது முடிக்கட்டும் என்று விட்டாள். பிறகு, "ஒண்ணு மட்டும் சொல்றேன், கேக்கல, சொல்றேன்" என்றாள். "சபையில ஒருத்தர் தப்பாப் பேசிட்டா, தீயை மூடறதுக்குள்ள எழுந்து அதைத் திருப்பி வாங்கிக்கலாம். எங்க வழக்கம் அது. மத்தியானம் தடுமாறினவங்க எத்தனையோ பேர் சாயங்காலத்துக்குள்ள சரிபண்ணிக்கிட்டுப் போயிருக்காங்க. நீங்க லேட்டுன்னு யார் சொன்னா? சாயங்காலம்தான் இன்னும் ஆகலையே!"

மேஜர் தயாராகிவிட்டார். எல்லோரும் உள்ளே போனார்கள். ஒரு எட்டில் ஆகஸ்ட் மாதம் வந்துவிட்டது; மேஜர் ஆச்சரியப்பட்டு, பொத்தானைக் கழற்றி, நேரத்தையும் வெப்பத்தையும் குறித்துக்கொண்டார். மூன்று மரத்துக்கும் நடுவில் விறகில்லாமல் தீ எரிந்துகொண்டிருந்தது. மண்வெட்டி பதினோரு வருஷத்துக்கு முன் போட்ட இடத்திலேயே, துரு ஏறாமல் கிடந்தது. ஒரு இருமல் கேட்டது. குழந்தை சிணுங்கியது. ஆமையோடை என்று கனத்த குரல் வாக்குக் கொடுத்தது. பிறகு, எல்லோரும் காத்திருந்த அந்தத் தணிந்த குரல் வந்தது. மெஹிட்டபல் அதை முதல் தடவையாகக் கேட்டாள். புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவர் தலை கவிழ்ந்திருந்தது.

"இந்த ஒரு வரியையா," என்றாள், "இந்த ஒரு வரியையா என்கிட்டகூடச் சொல்லாம பதினோரு வருஷம் தனியாத் தூக்கிச் சுமந்தீங்க?" அவள் குரலில் கோபம் இருந்தது, ஆனால் கை போய் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டது.

வின்ஷிப் தீயின் பக்கத்தில், கூட்டியவர் நிற்க வேண்டிய இடத்தில் போய் நின்றார். கூடை அவர் காலடியில் இருந்தது. மேஜர் பேனாவை மையில் தோய்த்துக்கொண்டு, சாம்பல் விழும் நேரத்தைக் குறிப்பதற்காகக் கடிகாரத்தை எடுத்தார். அது மூன்றரையில் நின்றிருந்தது.

"நான் எலிஹு வின்ஷிப். இந்தச் சபையைக் கூட்டினவன்" என்றார், முதலில் ஆங்கிலத்தில், பிறகு மியாமி மொழியில். "இன்னிக்கி மத்தியானம் நான் உங்ககிட்ட ஒண்ணு சொன்னேன், கர்னல்கிட்ட ஒண்ணு சொன்னேன். உங்ககிட்ட சொன்னது நிக்கட்டும். கர்னல்கிட்ட சொன்னது தப்பு. எனக்கு பயமா இருந்துச்சு, அதனால சொன்னேன். அதைத் திருப்பி வாங்கிக்கறேன். அந்தத் தாள்ல போட்ட கையெழுத்தையும் திருப்பி வாங்கிக்கறேன்."

"என்ன செய்யறீங்கன்னு தெரிஞ்சுதான் செய்யறீங்களா, மிஸ்டர் வின்ஷிப்?" என்றார் மேஜர்.

"தெரியுது. எழுதிக்குங்க. இதுதான் என் விளக்கம். முப்பத்தெட்டாவது."

மேஜர் எழுதிக்கொண்டார். எழுதும்போது பார்த்தார், வின்ஷிப்பின் வலதுகை விரல்களில் ஈர மை படிந்திருந்தது. அவர் அன்று பேனாவையே தொடவில்லை. அதையும் மேஜர் எழுதிக்கொண்டார். கூட்டத்தில் யாரும் கைதட்டவில்லை, அது வழக்கமில்லை. "ஹோ" என்று ஆண்கள் ஒரே குரலில் சொன்னார்கள், ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமாக. சாம்பலை யாரும் தொடவில்லை. முதல்பனி, உள்ளே பசிக்காது என்று தெரிந்தும், சம்பிரதாயத்துக்கு ஆளுக்கொரு சுட்ட சோளக்கதிர் கொடுத்தாள். மேஜர் அதை வெளியே குளிருக்கு வந்தபிறகு தின்றார்.

மேஜரின் அறிக்கையில் பொய் ஒன்றும் இல்லை. தீ மூடப்படவில்லை, ஏஜெண்ட் மறுத்தார், காரணம் இது என்று இருந்தது. பிப்ரவரி மாதம் வின்ஷிப்பைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். கனெக்டிகட் பத்திரிகைகள் அவரைத் துரோகி என்று எழுதின. சொந்தத் தம்பியே கடிதம் போடுவதை நிறுத்தினான். ஆனால் நிலத்தை அளக்க உத்தரவு போடுவதற்காக ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்த குமாஸ்தா, ஏஜெண்டின் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லாததைக் கண்டான். சுரண்டிய தடயம் இல்லை, கறை இல்லை, தாள் வழுவழுவென்று இருந்தது. மேலதிகாரியிடம் காட்டினான். அவர் அதற்கு மேலே காட்டினார். கையெழுத்து இல்லாத காகிதத்தை வைத்து அளக்க முடியாது, இன்னும் முடியாத சபையில் வேறு காகிதம் எழுதவும் முடியாது என்று முடிவாகி, "சபை நடந்துகொண்டிருக்கிறது" என்று ஓரத்தில் எழுதிக் கட்டி வைத்தார்கள். இப்படிப்பட்ட கட்டுகள் அந்த அலுவலகத்தில் நிறைய உண்டு.

புருஷனும் பெண்டாட்டியும் ஆமையோடைக்குத் தெற்கே, கரையை ஒட்டி ஒரு மரக்குடிசை போட்டுக்கொண்டார்கள். வாக்குக் கொடுத்தவர் தானே ஓடையைத் தாண்டிக் குடியேறலாமா என்று வின்ஷிப் பிடிவாதம் பிடித்தார். விவசாயம் அவருக்குச் சுத்தமாக வரவில்லை. உருளைக்கிழங்கு போட்டால் எலிதான் தின்றது. மெஹிட்டபல் கோழி வளர்த்துச் சமாளித்தாள். குளிர்காலத்தில் மூட்டுவலி அதிகமானால் இரண்டு பேரும் ஓடையைக் கடந்து மரத்தடிக்குப் போய் வெயில் காய்வார்கள். தன் மூன்று குரல்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கிறபோது, முன்பெல்லாம் முகம் சுண்டிய மனிதர், போகப்போக மூன்றாவதற்குத் தலையாட்ட ஆரம்பித்தார். ஆயிரத்து எண்ணூற்று இருபத்திரண்டு மார்ச்சில் தன் குடிசையில், தூக்கத்தில் இறந்தார். கிராமமே வந்து சவப்பெட்டியைத் தூக்கியது. மெஹிட்டபல் ஒன்பது வருஷம் கழித்துப் போய்ச் சேர்ந்தாள். முதல்பனிக்குப் பிறகு அவள் மகள் தலைவியானாள்.

ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறில், மியாமி ஜனங்கள் அத்தனை பேரும் மிசிசிப்பிக்கு மேற்கே போக வேண்டும் என்று உத்தரவு வந்தது. கால்வாய்ப் படகுகளோடு சிப்பாய்கள் வந்தார்கள். வாபாஷ் கரையில் ஒவ்வொரு கிராமமாக ஏற்றினார்கள். கல்லறை மேட்டின் மண்ணை துணியில் முடிந்துகொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்து அழுதபடி போனார்கள். அந்த நாளைப் பற்றி இங்கே யாரும் உரக்கப் பேசுவதில்லை. ஆமையோடைக் கிராமத்துக்கு அக்டோபர் எட்டாம் தேதி என்று நாள் குறித்திருந்தது. சிப்பாய்களிடம் காகிதம் இருந்தது, கையெழுத்து எல்லாம் சரியாக இருந்தது. காலையிலேயே கிராமத்து ஜனங்கள் குழந்தை குட்டிகளோடு மூன்று சிக்கமோர் மரத்தடிக்குப் போய், சபையில் உட்காருகிற வரிசையில் உட்கார்ந்துகொண்டார்கள். சிப்பாய்களை அழைத்து வந்த கேப்டன் நல்ல மாதிரி. சபை நடக்கும்போது இடைமறிப்பது முறையல்ல, முடியட்டும், எப்படியும் படகுகள் பொழுது சாய்ந்த பிறகுதான் புறப்படுவதாக ஏற்பாடு என்றார். சிப்பாய்களும் உள்ளே வந்து, கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, மரநிழலில் காலை நீட்டி உட்கார்ந்தார்கள். வெயில் இதமாக இருந்தது. பசிக்கவில்லை. மேலே யாரோ ஒரு பெரியவர் மூக்கை உறிஞ்சிவிட்டு, திருப்பி வாங்கிக்கறேன் என்று சொல்வது கேட்டது.

படகுக்காரர்கள் ஆற்றில் பத்தொன்பது நாள் காத்திருந்தார்கள். தண்ணீர் உறைய ஆரம்பித்ததும், காலிப் படகுகளை ஓட்டிக்கொண்டு ஊர்போய்ச் சேர்ந்தார்கள். கேப்டனின் நாட்குறிப்பில் அந்தத் தேதிக்கு எதிரே இரண்டு வரிகள் இருக்கின்றன. புறப்பாடு: பொழுது சாய்ந்ததும். நிலவரம்: இன்னும் சாயவில்லை.